அங்கே பார்த்தது அங்கேயே

மாத்திரை நாக்குக்கு அடியில் இருக்கும்போது பேசக்கூடாது. எச்சிலை விழுங்கக்கூடாது. அது முழுசாகக் கரையும்வரை வாயை இறுக மூடிக்கொண்டு, சிஸ்டரின் மேசைக்கு எதிரே போட்டிருக்கிற நாற்காலியில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்க வேண்டும். கடைசியில் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினால்தான் சிஸ்டர் "சரி, எழுந்துக்கோங்க" என்பார். அப்படி அவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு காலையில்தான், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவளுடைய கொழுந்தன் உள்ளே வந்தான்.

கணவனின் ஒரே தம்பி. ஒரே வீட்டில், பின்பக்கத்து அறையில் இருக்கிறவன். காலையில்தான் அவள் கையால் காப்பி வாங்கிக் குடித்துவிட்டு, பள்ளிக்கூட வேனை எடுத்துக்கொண்டு போனான். அந்த வேனில்தான் அவளுடைய மகளும் போனாள்.

எழுந்து ஓடலாம் என்றால் சிஸ்டர் விடமாட்டார். மாத்திரையைத் துப்பிவிட்டுப் போனால் சாயங்காலத்துக்குள் உடம்பு முறுக்கி எடுத்துவிடும். முகத்தையாவது மறைக்கலாம் என்று கையை உயர்த்தினாள். அது யாருக்கோ கையசைப்பது மாதிரி ஆகிவிட்டது. அவன் பார்த்துவிட்டான்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. சாவிக்கொத்தைச் சட்டைப்பைக்குள் போட்டான், திரும்ப எடுத்தான்.

"இங்க... பல் டாக்டர்..." என்றான் சிஸ்டரிடம்.

"பல் டாக்டர் அடுத்த கட்டடம்" என்றார் சிஸ்டர், தலை நிமிராமல். "போன் பண்ணி, வரேன்னு சொன்னவர் நீங்கதானே? குரல் ஞாபகம் இருக்கு. உக்காருங்க. பயப்படாதீங்க, இங்க யாரும் பல்லைப் பிடுங்க மாட்டோம்."

அவன் மூலையில் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தான். அந்த அறையில் இரண்டே வரிசை நாற்காலிகள், எல்லாவற்றையும் கம்பியால் சேர்த்துத் தரையோடு முடுக்கியிருந்தார்கள். எங்கே உட்கார்ந்தாலும் எதிர் வரிசை முகத்துக்கு நேராகத்தான் இருக்கும். இரண்டு பேரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். வருகிறவர்களின் கண்ணளவு எடுத்து, வில்லையைச் சட்டத்தில் பொருத்தி, காதில் உறுத்தாமல் வளைத்துக் கொடுப்பாள். கடையின் மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் முதுகுத்தண்டிலும் இடுப்பிலும் அடி. டாக்டர் வலி மாத்திரை கொடுத்தார். வலி போய்விட்டது, மாத்திரை போகவில்லை. முதலில் வலிக்காகப் போட்டாள், பிறகு வலி வந்துவிடுமோ என்று போட்டாள், அப்புறம் எதற்கென்றே தெரியாமல் போட்டாள். வெவ்வேறு மருந்துக் கடைகளில் வெவ்வேறு கதை சொல்லி வாங்கினாள். ஒருநாள், தான் கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பெரியவர் கடை வாசலிலேயே படி தெரியாமல் தடுமாறியதைப் பார்த்தாள். அளவு தப்பு. கை அவளுடையது. அடுத்த நாளே சலவைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் இந்த மீட்பு மையத்துக்கு வந்துவிட்டாள். இங்கே யாரையும் படுக்க வைப்பதில்லை. வந்து, வலி மாத்திரைக்கு மாற்றாகக் கொடுக்கிற மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, குழுவில் உட்கார்ந்து பேசிவிட்டு, வீட்டுக்கும் வேலைக்கும் போய்க்கொண்டே குணமாக வேண்டும்.

வீட்டில் சொன்னது வேறு. "இடுப்புக்குப் பயிற்சி. தினமும் வரச்சொல்லிருக்காங்க." கணவன் சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர், எந்தப் பெட்டி எங்கே இருக்கிறதென்று பார்க்காமலே சொல்கிறவர். மனைவி எங்கே இருக்கிறாள் என்பதில் அவருக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

அன்றைக்குக் குழு கூடியபோது ஆலோசகர் அம்மா வழக்கம்போல விதியைச் சொல்லித்தான் ஆரம்பித்தார். "இங்க பேர் வேண்டாம். இங்க யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம், எல்லாம் இங்கயே. கதவுக்கு வெளிய போகக்கூடாது. புதுசா வந்திருக்கிற தம்பி, உங்களை என்னன்னு கூப்பிடலாம்?"

"டிரைவர்னு கூப்பிடுங்க."

"என்ன வண்டி?"

கொழுந்தன் ஒரு நொடி அவளைப் பார்த்தான். "டெலிவரி வேன். பார்சல்."

வட்டத்தில் இருந்த ஓட்டல் சமையல்காரர், முழங்கை வரை தீக்காயத் தழும்போடு இருப்பவர், "பார்சல் பேசாது, அதுவரைக்கும் நிம்மதி. என் கதையைப் பாருங்க, குழம்புகூட என்னைத் திட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளால் சிரிக்க முடியவில்லை. அந்த வேனில் போகிற பார்சல்கள் எல்லாம் பாட்டுப் பாடும், சண்டை போடும், ஜன்னலில் மூச்சை ஊதிப் படம் வரையும்.

அவன் பேசினான். சாயங்காலம் மட்டும்தான் குடிப்பேன் என்றான். முன்பு ஒரு கோப்பையோடு நின்றது, இப்போது நிற்பதில்லை என்றான். காலையில் கை நடுங்குகிறது, அதுதான் பயம், அதனால்தான் வந்தேன் என்றான். அவள் அவனுடைய அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு அந்த வீட்டில் இத்தனை காலம் இருந்திருக்கிறாள். அவன் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை.

கீழே இறங்கும் படிக்கட்டில், சலவை ஆவி முகத்தில் அடிக்கிற திருப்பத்தில், அவளுக்காகக் காத்து நின்றான்.

"அண்ணி, நீங்க என்னைப் பாக்கல. நான் உங்களைப் பாக்கல."

"வண்டி ஓட்டும்போது குடிக்கிறியா?"

"சத்தியமா இல்ல அண்ணி. கை நடுங்குது, அவ்வளவுதான். நடுங்கினாலும் தெளிவாத்தான் இருக்கேன். அதை நிறுத்தத்தானே இங்க வந்திருக்கேன்?" பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க எதுக்கு?" என்றான்.

"இடுப்பு வலி மாத்திரை."

"அப்ப இடுப்புப் பயிற்சின்னு சொன்னது முழுப் பொய்யும் இல்ல" என்றான். தன்னை மீறி அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு ஒப்பந்தம் முடிந்தது.

கொஞ்ச நாள் அது வசதியாகவும் இருந்தது. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்து, அவளையும் ஏற்றிக்கொண்டு போவான். "அண்ணியைப் பயிற்சிக்குக் கொண்டுபோய் விடறான் பாரு, சொந்தத் தம்பிகூட இப்படிச் செய்ய மாட்டான்" என்று மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். ஒருநாள், "எனக்கும்தான் இடுப்பு பிடிச்சுக்குது. உனக்குச் சொல்லிக்கொடுத்ததை எனக்கும் கொஞ்சம் காட்டேன்" என்று கூடத்தில் வந்து நின்றார். அவளுக்கு ஒரு பயிற்சியும் தெரியாது. வாய்க்கு வந்தபடி, "கையை மேல தூக்குங்க அத்தை. மூச்சை இழுங்க. இப்ப ஒத்தக்கால்ல நில்லுங்க" என்றாள். மாமியார் அலமாரியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றார். சமையலறை வாசலில் கொழுந்தன் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினான். மாமியாரோ, "பரவாயில்லையே, கொஞ்சம் லேசாத்தான் இருக்கு" என்றார். அதற்குப் பிறகு தினமும் புதிதாக ஒரு பயிற்சியை அவள் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பொய்க்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு வேளை பட்டினி போட்டால் கத்தி ஊரைக் கூட்டிவிடும் என்று அவளுக்குத் தோன்றும்.

வசதி மெல்ல மெல்லக் கயிறாக மாறியது. சாப்பிட உட்கார்ந்தால் அவன் எதிரே. தண்ணீரை அவன் வேகமாகக் குடித்தால் இவளுக்குப் பகீர் என்றது. இவள் தலைவலி என்று நெற்றியைப் பிடித்தால் அவன் கண் உடனே இவள் கைப்பையின் மேல் போனது. வீட்டில் யாருக்கும் தெரியாத ஒரு அறைக்குள் இருவரையும் போட்டுப் பூட்டின மாதிரி இருந்தது. உள்ளே ஒரு மூலையில் அவன் நிற்கிறான், இன்னொரு மூலையில் அவள். யார் திறந்தாலும் இரண்டு பேர் குட்டும் வெளிப்படும்.

பிறகு அவன் குழுவுக்கு வருவதை நிறுத்தினான்.

"சாயங்காலக் குழுவுக்கு மாத்திக்கிட்டேன் அண்ணி. பகல்ல வேனுக்கு வேலை இருக்கு."

அவள் நம்பினாள். நம்புவது சுலபமாக இருந்தது. ஆனால் காலையில் மகளை வேனில் ஏற்றி இருக்கையின் இடைவாரை மாட்டிவிடும்போது ஒரு மாற்றத்தைக் கவனித்தாள். அவன் கை நடுங்கவில்லை. முகம் தெளிந்திருந்தது. சீட்டியடித்தான். பிள்ளைகளோடு சேர்ந்து பாடினான். வேனுக்குள் ஏலக்காய் மணம் தூக்கலாக இருந்தது.

"சித்தப்பா இப்பல்லாம் ரொம்ப ஜாலிம்மா" என்றாள் மகள்.

மாமியாருக்கும் கணவனுக்கும் சந்தோஷம். அவளுக்குத்தான் அன்றைக்குக் கடையில் வேலையே ஓடவில்லை. அந்தத் தெளிவை அவளுக்குத் தெரியும். மாத்திரை போட்ட காலத்தில் அவளும் இப்படித்தான் இருந்தாள். வீடு முழுக்கத் துடைத்துப் பளபளவென்று வைத்தாள், கணவனோடு சிரித்துப் பேசினாள், எல்லோரும் "முதுகு சரியாயிடுச்சு, ஆளே மாறிட்டா" என்றார்கள். கை நடுங்குகிற கொழுந்தனைப் பற்றி அவளுக்குப் பயம் இருந்ததில்லை. நடுங்காத கொழுந்தனை நினைத்தால்தான் பயமாக இருந்தது; காலையிலேயே குடித்தால்தான் அந்த நடுக்கம் நிற்கும்.

மறுநாள் மையத்தில், மாத்திரை கரைந்த பிறகு, சமையல்காரரிடம் பட்டும்படாமல் கேட்டாள். "சாயங்காலக் குழுவுல கூட்டம் நிறையவா?"

"எந்தச் சாயங்காலக் குழு? அதை மூடித்தான் எத்தனையோ மாசமாச்சே" என்றார் அவர்.

அவள் நேராக ஆலோசகர் அம்மாவின் அறைக்குப் போனாள். உட்காரவில்லை.

"மேடம், ஒரு சந்தேகம். இங்க ஒருத்தரைப் பார்த்தோம்னு வைங்க. அவர் குடிச்சிட்டு ஒரு வேலை செய்யறார்னு தெரியுது. அந்த வேலையால மத்தவங்களுக்கு ஆபத்து. அப்பவும் வெளிய சொல்லக்கூடாதா?"

ஆலோசகர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அந்த விதி ஒருத்தர் மானத்தைக் காப்பாத்தறதுக்கு. உயிரை வாங்கறதுக்கு இல்ல. யாருக்கு ஆபத்து?"

அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"குழந்தைங்களுக்கா?"

அவள் சுவரைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லலேன்னா எனக்கு யாருன்னு தெரியப்போறதில்ல. சொல்லிட்டா நான் சும்மா இருக்க மாட்டேன். சம்பந்தப்பட்டவங்களுக்குத் தகவல் சொல்லியே ஆகணும். அதையும் முன்கூட்டியே சொல்லிடறேன்."

"யோசிச்சுச் சொல்றேன் மேடம்."

"யோசிக்கிற நேரத்துலயும் வண்டி ஓடிட்டுத்தானே இருக்கும்?"

வண்டி என்று அவள் சொல்லவே இல்லை. ஆலோசகர் அம்மா பாதி ஊகித்துவிட்டார் என்று தெரிந்தும் அவள் மென்று விழுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். கடைக்குப் போகும் வழியெல்லாம் கணக்குப் போட்டாள். இவரிடம் சொன்னால் பள்ளிக்குத் தெரியும். பள்ளிக்குத் தெரிந்தால் வீட்டுக்குத் தெரியும். யார் சொன்னது என்று தோண்டுவார்கள். தோண்டினால் கிடைப்பது அவள்தான். வீட்டில் நேராகச் சொன்னாலும் அதேதான். அவனிடம் கெஞ்சிப் பார்க்கலாம் என்று சாயங்காலம் பின்பக்கத்து அறைக் கதவைத் தட்டினாள். அவன் கதவை ஒரு கையகலம் திறந்தான்.

"தம்பி, அந்தக் குழுவே கிடையாது."

"அண்ணி, உங்க வேலையைப் பாருங்க" என்றான். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளை அதிகமாகச் சுட்டது. "என்னை அசைச்சா நீங்களும் சேர்ந்துதான் விழுவீங்க. எதுக்கு அது?"

கதவு சாத்திக்கொண்டது.

அடுத்த நாள் காலையில் வேன் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள். அவள் மகளைத் தூக்கி இருக்கையில் வைத்து, இடைவாரைக் கையில் எடுத்தாள். ஏலக்காய் மணத்துக்கு அடியில் இன்னொரு வாடை வந்தது. மாட்டுகிற கொக்கி கையில் இருக்க, அவளால் மாட்ட முடியவில்லை. இதை மாட்டிவிட்டு நான் வீட்டுக்குள் போய்விடுவேன் என்று நினைத்தாள். நேற்றும் அப்படித்தான் போனேன்.

மகளை இறக்கித் தரையில் விட்டாள். முன்பக்கம் போய், திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருகிப் பிடுங்கினாள். வேன் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது.

"அண்ணி, விளையாடாதீங்க. நேரமாச்சு."

"இறங்கு தம்பி."

"சாவியைக் குடுங்க."

"இறங்குன்னு சொல்றேன்."

சத்தம் கேட்டு மாமியார் வந்தார். பின்னாலேயே கணவன், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். பிள்ளைகள் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"குடிச்சிருக்கார்ங்க" என்றாள் அவள். "பிள்ளைங்களை வச்சுக்கிட்டு வண்டியை எடுக்கக்கூடாது."

"காலங்காத்தால என்னடி உளர்ற?" என்றார் மாமியார். "என் பிள்ளை மேல எதுக்குப் பழி போடற?"

கணவன் தம்பியைப் பார்த்தார். அவன் இறங்கி, நிமிர்ந்து, நேராக நின்று காட்டினான். "அண்ணா, அண்ணிக்கு என்னவோ ஆயிடுச்சு. அவங்க பேச்சை எடுத்துக்காதீங்க. தினமும் பயிற்சின்னு சொல்லிட்டு எங்க போறாங்கன்னு கேளுங்க முதல்ல. போதையை நிறுத்தற இடத்துக்குப் போறாங்க. மாத்திரை. மாத்திரை இல்லாம இருக்க முடியாது அவங்களால. அந்த மாதிரி ஆளுங்களுக்குப் பாக்கறவங்கல்லாம் போதையில இருக்கற மாதிரித்தான் தெரியும்."

கணவன் அவளைத் திரும்பிப் பார்த்தார். எப்போதும் இருக்கிற இடத்தில் ஒரு பெட்டி இல்லாததைக் கண்ட மாதிரிப் பார்த்தார்.

"உண்மையா?"

"உண்மைதான்" என்றாள். "அங்கதான் போறேன்."

"அப்ப இடுப்பு?"

"இடுப்பு எப்பவோ சரியாயிடுச்சு."

மாமியார் வாயில் கையை வைத்துக்கொண்டார். ஒற்றைக்காலில் நின்ற காலையெல்லாம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கணவன் மெதுவாகத் தம்பி பக்கம் திரும்பினார்.

"இது உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் வேன் கதவைப் பிடித்தான், விட்டான். அந்த ஒரு கணம்தான். ஆனால் மாமியார் முந்திக்கொண்டார். "அவன்தானே முன்னெல்லாம் தினமும் கொண்டுபோய் விட்டான்? பார்த்திருப்பான். நம்ம மனசு நோகக்கூடாதுன்னு இத்தனை நாள் சொல்லாம இருந்திருக்கான் பாவம்."

"ஆமாண்ணா. விடப்போனப்ப பார்த்தேன்" என்றான் அவன், தரையைப் பார்த்து.

அவன் என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தது. அவன் நடுங்கும் கையைப் பற்றி அந்த வட்டத்தில் பேசியதும் கூடவே வந்தது. சொன்னாலும் இந்த வாசலில் அவள் பேச்சு இனி எடுபடாது. சாவி கையில் இருக்கிறது, அது போதும் என்று நினைத்தாள்.

"யார் என்ன வேணா நினைச்சுக்கோங்க. சாவியைத் தர மாட்டேன்."

கணவன் கையை நீட்டினார். அவள் சாவியை முந்தானைக்குள் இறுக்கிக்கொண்டாள். பிள்ளைகளின் எதிரில் மனைவியின் கையை முறுக்க அவருக்கு மனம் வரவில்லை. கடைசியில் பிள்ளைகளை இறக்கி, வாடகைக் காரில் இரண்டு நடையாக அவரே பள்ளியில் கொண்டுபோய் விட்டார். அவள் சாவியோடு மையத்துக்கு நடந்தாள். மாத்திரைக்குக்கூடப் போகாமல் ஆலோசகர் அம்மாவின் மேசையில் சாவியை வைத்தாள்.

"டிரைவர்தான் மேடம். பார்சல் இல்ல. பள்ளிக்கூடப் பிள்ளைங்க."

ஆலோசகர் அம்மா அவள் முன்னாலேயே போனை எடுத்தார்.

பள்ளிக்கூடம் அவனுடைய வேனை நிறுத்திவிட்டது. அதன் பிறகு வீடு அவளுக்கு வேறு வீடாகிவிட்டது. மாமியார் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டு, அவள் காதில் விழும்படி சுவரோடு பேசினார். "என் பிள்ளை வயித்துல அடிச்சிட்டா. தான் கெட்டது போதாதுன்னு அவனையும் இழுத்துட்டா." கணவன் திட்டவில்லை. அதற்குப் பதில் மருந்து அலமாரிக்குப் பூட்டு வாங்கி மாட்டினார். அவள் வேலையிலிருந்து வந்ததும் கைப்பையை வாங்கி மேசையில் கவிழ்த்து, சீப்பு, கைக்குட்டை, கண்ணாடி திருகுகிற குட்டித் திருப்புளி எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுக் கொடுத்தார். மிக மென்மையாகத்தான் செய்தார். அந்த மென்மையை அவளால் தாங்க முடியவில்லை.

"நாக்குக்கு அடியில வைக்கிறதும் போதைதானே?" என்றார் ஒருநாள். "அதையும் விட்டுட்டா என்ன?"

"இப்ப விட்டா நான் மறுபடி மருந்துக்கடை வாசல்லதான் போய் நிப்பேன். டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பார்."

"எப்ப முடியும்?"

"தெரியல."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் இப்படித்தான்."

அவர் தலையாட்டினார். எதற்கு ஆட்டினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. குளிக்கப் போனால் வெளியே நின்று, "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டார். கடையில் மதிய இடைவேளையில் போன் செய்து, "சும்மாதான்" என்றார். மகள்கூட ஒருநாள் அவளை உற்றுப் பார்த்து, "அம்மா, நீ இப்ப நல்லாருக்கியா, இல்ல மாத்திரையில இருக்கியா?" என்று கேட்டாள். யாரோ சொல்லிக்கொடுத்த கேள்வி அது. அவள் மகளின் தலையை வாரிக்கொண்டே "நல்லாருக்கேன்" என்றாள். அதை நிரூபிக்க உலகத்தில் ஒரு வழியும் இல்லை என்று அப்போது புரிந்தது.

கொழுந்தன் பின்பக்கத்து அறையை விட்டு வெளியே வரவில்லை. தன் பெயரை ஊர் முன்னால் காப்பாற்றிக் காட்ட வேண்டும் என்று, யாரிடமும் சொல்லாமல் குடியை ஒரேயடியாக நிறுத்திவிட்டிருந்தான். அது யாருக்கும் தெரியாது. ஒரு மதியம், விடுமுறை நாள், அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பின்பக்கத்திலிருந்து மாமியாரின் அலறல் கேட்டது. சுவரோடு பேசுகிற குரல் இல்லை அது.

"ஏய், இங்க வா! சீக்கிரம் வாடி!"

அவன் தரையில் கிடந்தான். உடம்பு விறைத்து வெட்டி வெட்டி இழுத்தது. மாமியார் கையில் ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு அவன் வாயைத் திறக்கப் பார்த்தார். அவள் கரண்டியைப் பிடுங்கி எறிந்தாள். இப்படி நடக்கும் என்று குழுவில் ஆலோசகர் அம்மா எத்தனையோ முறை சொல்லியிருந்தார். திடீரென்று நிறுத்தக்கூடாது, வலிப்பு வரும், ஆளையே கொண்டுபோய்விடும் என்று. ஸ்டூலை நகர்த்தினாள். அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே மடித்த துணியை வைத்தாள். "வாயில எதையும் வைக்காதீங்க அத்தை. ஏங்க, ஆம்புலன்சுக்குப் போன் பண்ணுங்க. குடியை நிறுத்தினதால வந்த வலிப்புன்னு சொல்லுங்க. அப்படியே சொல்லுங்க, மறைக்காதீங்க."

கணவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு நொடி தயங்கினார். பிறகு அவள் சொன்னபடியே, வார்த்தை மாறாமல் சொன்னார். முதல் முறையாக அந்த வீட்டில் அவளைத் தவிர ஒருவர் அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். மாமியார் அறை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அவன் பிழைத்தான். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, மீதியை மையத்தில் பார்த்துக்கொள்ளும்படி அனுப்பினார்கள். அவள் யாரிடமும் நான் அப்போதே சொன்னேனே என்று கேட்கவில்லை. அவளிடமும் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கைப்பை சாயங்காலம் மேசையில் கவிழ்வது நிற்கவும் இல்லை. அவன் வீடு திரும்பிய அன்று மாமியார் மட்டும், சுவரை விட்டுவிட்டு நேராக இருவரையும் பார்த்துச் சொன்னார். "ரெண்டு பேரும் ஒண்ணாப் போங்க. ஒண்ணா வாங்க. அவன் எங்கயாவது திரும்பினா நீ சொல்லு. அவ எங்கயாவது திரும்பினா நீ சொல்லுடா."

இப்போது தினமும் காலையில் இருவரும் சேர்ந்து நடக்கிறார்கள். மகளைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டு அவள் வருவாள். அவன் தெருமுனையில் நிற்பான். பக்கத்தில் நடக்க மாட்டான், நாலடி பின்னால். அவன் கை பழையபடி நடுங்கும். அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள், ஆனால் செருப்புச் சத்தம் தொடர்கிறதா என்று காது கேட்டுக்கொண்டே இருக்கும். அவன் காதும் அவள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஒருநாள் மையத்துப் படிக்கட்டில் பாதி ஏறியிருந்தபோது கீழிருந்து அவன் குரல் வந்தது.

"அண்ணி."

அவள் நின்றாள்.

"நீங்க சாவியைப் பிடுங்கினீங்களே, அதுக்கு முந்தின நாள்..."

"ம்."

"ஸ்கூல் விட்டுக் கூட்டிட்டு வரும்போது, பாலத்துத் திருப்பத்துல எனக்கு ரோடு ரெண்டாத் தெரிஞ்சுது அண்ணி. எது நிஜ ரோடுன்னு தெரியல. பாப்பா எனக்குப் பின்னாடி சீட்ல பாடிட்டு இருந்தா. ஒண்ணை எடுத்துக்கிட்டு ஓட்டினேன். அது சரியா இருந்துச்சு. அவ்வளவுதான்."

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்தாள். முந்தின நாள். சமையல்காரரிடம் கேட்டாளே அந்த நாள். ஆலோசகர் அம்மாவிடம் யோசித்துச் சொல்கிறேன் என்றாளே அந்த நாள்.

அவன் மூன்று நாலு படி கீழே நின்றான். மேலே வரவும் இல்லை, இறங்கிப் போகவும் இல்லை. சலவைக் கடையின் ஆவி இருவருக்கும் நடுவில் ஏறிக்கொண்டிருந்தது. மன்னிக்கவா, எழுந்து அறையவா, எதற்கும் அவளிடம் தெம்பு இல்லை.

கீழே யாரோ வரும் சத்தம் கேட்டது. சமையல்காரர் மூச்சிரைக்க ஏறி வந்தார். "என்னம்மா, வழியிலயே குழுவை ஆரம்பிச்சிட்டீங்களா? கொஞ்சம் விடுங்க, எனக்கு நேரமாச்சு."

அந்தப் படிக்கட்டு ஒரு ஆள் போகிற அகலம்தான். அவள் எழுந்தால்தான் யாரும் மேலே போக முடியும். அவள் எழுந்தாள். மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள்.